சல்லடைக்குப் பின்தான் கணக்கு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியை அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்கி எடுத்ததும் வியாபாரி முதலில் தேடியது தராசை அல்ல, பித்தளைச் சல்லடையை. ஏந்தலான தட்டு வடிவத்தில், ஒரே அகலத்தில், பத்துச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. தட்டின் அகலம் மாறாததால் துளை கூடக் கூடத் துளையின் அளவு சிறுத்துக்கொண்டே போகும். முத்துக் குவியலை முதல் தட்டில் கொட்டிக் குலுக்குவார்கள். தங்கியது ஒரு பக்கம் போகும், விழுந்தது அடுத்த தட்டுக்குப் போகும். பெரியவைக்கு 'மேல்' என்று பெயர், அடுத்த தரத்துக்கு 'வடிவு', எல்லாவற்றிலும் நழுவி விழுந்ததற்குத் 'தூள்'.

அதன் பிறகே கண்ணுக்கு வேலை வரும். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கிய முத்துகளைத் துணியில் பரப்பி உருண்டையையும் ஒளியையும் பார்த்துப் பிரிப்பார்கள். இரண்டிலும் குறையில்லாதது ஆணி. ஒன்றில் சற்றே குறைந்தது அடுத்த வகை. இன்னும் குறைந்தது அதற்கடுத்தது. ஒட்டிப் பிறந்தவை, கொத்தாக நிற்பவை, மடங்கியவை என்று வரிசை இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் எடை. இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி 1843இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும், சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்து 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டனும், தூத்துக்குடியில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெலும் இந்தத் தொழிலைக் கூர்ந்து பார்த்து எழுதி வைத்தவர்கள்.

ஒரு முத்துக்கு அளவு, வகை, எடை என்று மூன்று தன்மைகள். மூன்றையும் அறிய மூன்று தனித்தனிக் கருவிகள்: சல்லடை, கண், தராசு. ஒன்றின் முடிவை இன்னொன்று கலைப்பதில்லை. 80 துளைச் சல்லடையில் தங்கிய முத்து ஆணியாகவும் இருக்கலாம், மடங்கியதாகவும் இருக்கலாம். இன்று சரக்குகளைக் கணினித் தரவுத்தளத்தில் பதிந்து, வேண்டியபடி குழுக்களாகப் பிரிக்க நினைக்கும் எவருக்கும் இந்தக் கரையின் பழைய வியாபார முறையைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது என்பது என் துணிபு.

அந்த முறையின் உச்சம் செவ்வு என்ற கணக்கு. உயர்ந்த வகை முத்துக்கு வெறும் எடையைப் பார்த்து விலை சொல்ல முடியாது. ஒரு பெரிய முத்து, அதே எடையுள்ள நான்கு சிறு முத்துகளைவிடப் பல மடங்கு அரியது. அதனால் முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடி என்ற சிறு எடையளவில் எடுத்து, அதன் வர்க்கத்தில் முக்கால் கண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். வந்தது செவ்வு. ஒரு செவ்வுக்கு இவ்வளவு என்று வகையைப் பொறுத்து விலை நிற்கும். எட்டு மஞ்சாடி எடையில் ஒரே முத்து இருந்தால் அறுபத்து நான்கில் முக்கால், 48 செவ்வு. அதே எட்டு மஞ்சாடிக்கு நான்கு முத்து நின்றால் 48ஐ நான்கால் வகுக்க வேண்டும்: 12 செவ்வு. எடை ஒன்று, மதிப்பு நான்கில் ஒன்று. பம்பாய்ச் சந்தையில் இதே போன்ற கணக்கை ரத்தி எடையில் வேறு பின்னத்தோடு போட்டார்கள். அங்கும் எடையின் வர்க்கம்தான் அடிப்படை.

இந்த வாய்பாட்டுக்குள் ஒரு பொறி இருக்கிறது. நான்கு முத்துகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஐந்து மஞ்சாடி, மற்ற மூன்றும் தலா ஒரு மஞ்சாடி. (கணக்கு விளங்குவதற்காகச் சொல்லும் எண்கள் இவை. கடலில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை இதைவிட மிகச் சிறியவை.) நான்கையும் ஒன்றாக நிறுத்தால் எட்டு மஞ்சாடி, 12 செவ்வு. பெரியதைத் தனியே எடுத்துவிட்டால் இருபத்தைந்தில் முக்கால், பதினெட்டே முக்கால். மிச்சம் மூன்றும் சேர்ந்து மூன்று மஞ்சாடி. ஒன்பதில் முக்காலை மூன்றால் வகுக்க இரண்டே கால். இரண்டையும் கூட்டினால் 21 செவ்வு. சரக்கு அதேதான், தராசும் அதேதான், வாய்பாடும் அதேதான். பிரித்த விதம் மாறியதும் 12 என்பது 21 ஆகிவிட்டது.

இது தற்செயல் இல்லை. எடை சமமில்லாத முத்துகளைக் கலந்து செவ்வு கண்டால் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும். எல்லா முத்தும் ஒரே எடையாக இருந்தால் மட்டுமே கலந்த கணக்கும் பிரித்த கணக்கும் ஒன்றாகும். வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குக் கணிதத்தில் உள்ள அடிப்படை விதி அது. ஆகவே சல்லடை என்பது அழகுக்காக அடுக்கும் வேலை இல்லை. செவ்வுக் கணக்கு நேர்மையாக நிற்க வேண்டுமானால் அதற்கு முன் ஏறக்குறைய ஒரே அளவுள்ள முத்துகள் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். தரம் பிரிக்காமல் கலந்து விற்றவன் இழந்தான். கலந்து வாங்கி, பிரித்து விற்றவன் பிழைத்தான். வாய்பாட்டின் பயனே அதற்கு முன் நடக்கும் குழு பிரிப்பில் இருக்கிறது என்பதை அந்தச் சந்தை பழக்கத்திலேயே அறிந்திருந்தது.

இதைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவருவோம். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஆய்வுரை, தரவை வரியும் நெடுவரிசையும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, வேண்டியதைக் கேள்வி கேட்டுப் பெறலாம் என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியது. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அந்தக் கேள்விகளுக்கென ஒரு மொழியை வடித்தார்கள். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். அதில் 'குரூப் பை' என்றொரு கட்டளை உண்டு. எந்தத் தன்மைகள் ஒத்திருந்தால் வரிகளை ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும் என்பதை அது சொல்லும். முத்து அட்டவணையில் சல்லடை, வகை, எடை என்ற நெடுவரிசைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், வினவலைத் தமிழில் இப்படிப் படிக்கலாம்: சல்லடையும் வகையும் ஒத்த வரிகளை ஒன்றுசேர், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை முத்து என்று எண்ணு, எடையைக் கூட்டு, கூட்டிய எடையின் வர்க்கத்தில் முக்காலை எண்ணிக்கையால் வகு. நான்கே வரியில் செவ்வு வந்துவிடும்.

இப்போது 'குரூப் பை' வரியில் சல்லடையை விட்டுவிட்டு வகையை மட்டும் எழுதிப் பாருங்கள். வினவல் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆணி இவ்வளவு செவ்வு என்று ஒரு சுத்தமான விடை வந்து நிற்கும். அது உண்மையான மதிப்பைவிடக் குறைவு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தரவுத்தள வேலையில் நான் மிகவும் அஞ்சுவது இந்த வகைத் தவறைத்தான். நின்றுபோகும் நிரலைத் திருத்திவிடலாம். தவறான குழுவில் சரியாகக் கூட்டிய எண்ணை யார் சந்தேகிப்பார்கள்?

இன்னொரு நுட்பமும் உண்டு. செவ்வு எல்லா முத்துக்கும் பொருந்தாது. தாழ்ந்த வகைகளையும் தூளையும் வெறும் எடைக்கே விற்றார்கள். ஆக, எந்தக் கணக்கைப் போடுவது என்பதையே குழுதான் தீர்மானிக்கிறது. எஸ்.க்யூ.எல்.லில் 'கேஸ்' என்ற நிபந்தனைச் சொல்லால் இதை எழுதலாம். தூளை ஒவ்வொன்றாக எண்ணி வரி போடுவதும் வீண் வேலை. ஆணிக்கு ஒரு முத்துக்கு ஒரு வரி, தூளுக்கு ஒரு பொட்டலத்துக்கு ஒரு வரி என்று அட்டவணைகளையே பிரித்துவிடுவது நல்லது. எது ஒரு வரி என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லாமல் தொடங்கிய அட்டவணைகள் பின்னால் படுத்தும் பாட்டைக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எது ஒரு வரி என்ற சிக்கல் ஆயிரம் ஆண்டுப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளித்த நகைகளை ஒன்றொன்றாகப் பட்டியலிடுகின்றன. அவற்றில் முத்துக்கு எத்தனை வகை! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர். பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்ததைச் சொல்கிறார்கள். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை வருகிறது. ஒரு கழஞ்சுக்கு இருபது மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றி. அரக்கும் சேர்த்து நிறுத்ததா என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. விலை காசில் நிற்கிறது. எந்த அளவுகோலால், எதைச் சேர்த்து அளந்தோம் என்பதை அளவோடு சேர்த்தே எழுதிய அந்த ஒழுங்கு இன்றைய பல நிறுவனங்களின் சரக்குப் பட்டியலில் கிடையாது. படிக்கும்தோறும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆனாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பல நகைகளில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து என்று வகைப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்குமாக ஒரே எண்ணிக்கையும் ஒரே எடையும் தந்திருக்கிறார்கள். அந்த நகையில் வட்டமுத்து எத்தனை என்று இன்று கேட்டால் கல் பதில் சொல்லாது. கோயிலின் தேவை வேறு. நகை காணாமல் போகாமல் காப்பதற்கான பட்டியல் அது. நகையே அதன் வரி. முத்து வியாபாரிக்கு வேண்டிய குழுவை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. கூட்டி எழுதியதைப் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. பிரித்து எழுதியதை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

குழு என்பது சரக்கின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றாக நாம் நினைத்துவிடுகிறோம். தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்று பார்த்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கும் துறைமுகம் அது. அங்கே ஒரு பெட்டகத்தின் மேல் 22ஜி1 என்று எழுதியிருந்தால் அது இருபது அடி நீளமுள்ள பொதுச் சரக்குப் பெட்டகம். உள்ளே முத்தா, மிளகா என்பது பளுதூக்கிக்குத் தேவையில்லாத செய்தி. அதே சரக்கு சுங்க அலுவலகத்துக்குப் போனால் முத்து 7101 என்ற தலைப்பில் நிற்கும். அங்கே பார்ப்பது இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா. வளர்ப்பு முத்தென்றால் வேலைப்பாடு செய்ததா இல்லையா என்பது. ஆணியா மடங்கா என்று சுங்கம் கேட்பதில்லை. வியாபாரியோ அதை மட்டுமே கேட்பார். ஒரே பொருள், மூன்று கேள்வி, மூன்று குழு. ஒன்று சரி, மற்றவை தவறு என்று சொல்ல இடமில்லை.

சங்கிலும் இப்படிப் பல குழுக்களைக் காணலாம். தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்கு வளையல் அறுப்பதற்காக வங்காளம் போகும். மன்னார் வளைகுடாச் சங்கை ஜாதி என்றும், பாக் நீரிணைச் சங்கைப் பட்டி என்றும் வியாபாரத்தில் பிரித்தார்கள். குறுக்களவு இரண்டே கால் அங்குலத்துக்கு, அதாவது 57 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது விதியாக இருந்தது. தேறியவற்றில் பூச்சி அரித்தவை தனி. வலம்புரி கிடைத்துவிட்டால் அதற்கு எந்தப் பட்டியலும் போதாது.

திருப்பிவிடும் விதியை எஸ்.க்யூ.எல்.லில் 'வேர்' என்ற சொல்லால் எழுதலாம். குழு உருவாகும் முன்பே வரிகளை வடிகட்டும் சொல் அது. குழு உருவான பின் வடிகட்ட 'ஹேவிங்' என்ற வேறொரு சொல் உண்டு. 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கு வேண்டாம் என்பது முதல் வகை. நூறு சங்குக்குக் குறைந்த குவியலை ஏலத்துக்கு வைக்க வேண்டாம் என்றால் அது இரண்டாவது. புதியவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். கடற்கரையில் நின்று யோசித்தால் குழப்பம் வராது: ஒன்று சங்கை அளக்கிறது, மற்றது குவியலை அளக்கிறது. கடலுக்குத் திரும்பும் இளஞ்சங்குகளையும் ஒரு வரி எழுதிவிட்டுத் திருப்பிவிட்டால் விற்பனைக் கணக்கு கெடாது, கடலின் நிலையும் தெரியும். வினவலில் வடிகட்டலாம், பதிவிலேயே வடிகட்டினால் இழப்பு.

தன்மை எதையும் பாராமல் பிரிப்பதும் இந்தக் கடலில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரை முத்துக்குளிப்பில், படகில் வந்த சிப்பிகளைக் கொட்டு என்ற வேலியடைப்புக்குள் கொண்டுபோய், குளியாட்களே மூன்று சம குவியலாகப் பிரிக்க வேண்டும். எவை இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி சுட்டிக்காட்டுவார். மிச்சம் ஒன்று குளியாட்களுக்கு. எந்தச் சிப்பியில் முத்து என்று யாருக்கும் தெரியாத நிலையில் நியாயத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

இனி இன்றைய சரக்கு. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில், அதிலும் தூத்துக்குடிக் கரையில். ஓர் உப்பு வியாபாரியிடம் கல், பொடி, தூள் என்று மூன்று பருமன், அயோடின் கலந்தது, கலக்காதது என்று இரண்டு நிலை, நான்கு வகை மூட்டை என்று வைத்துக்கொண்டாலே 24 சேர்க்கை வந்துவிடும். பலர் செய்வது என்ன? பருமன், அயோடின், மூட்டை மூன்றையும் சுருக்கி ஒரே குறியீடாக்கி ஒரு கட்டத்தில் எழுதிவிடுவார்கள். பக்கத்திலேயே 'குழு' என்று ஒரு நெடுவரிசை: கேரளா, மீன் பதனம், சில்லறை. முதல் ஆண்டு வண்டி ஓடும். கேரளத்துக்குப் போகும் கல்லுப்பையே மீன் பதனத்துக்கும் ஒருவர் கேட்கும்போது அந்த ஒற்றை நெடுவரிசை திணறும். ஒரு சரக்கு இரண்டு குழுவில் நிற்க அதில் இடமில்லை. உடனே அதே உப்பை இரண்டாம் முறை வேறு பெயரில் பதிவார்கள். அன்றோடு இருப்புக் கணக்கு பொய்யாகிவிடும்.

வழி எளியது. பருமனுக்கு ஒரு நெடுவரிசை, அயோடின் அளவுக்கு ஒன்று, மூட்டை எடைக்கு ஒன்று. அயோடின் என்ற இடத்தில் 'உண்டு', 'இல்லை' என்று எழுதாமல் அளந்த எண்ணை எழுத வேண்டும். உண்ணும் உப்பில் விற்பனை நிலையில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கும், உற்பத்தி நிலையில் அதைவிடக் கூடுதலான ஓர் அளவுக்கும் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. எண் இருந்தால் இரண்டு விதிக்கும் ஒரே நெடுவரிசையில் வினவலாம். 'உண்டு' என்ற சொல்லை வைத்து எதையும் கேட்க முடியாது. சில்லறைக் குழு என்பது இனி ஒரு பட்டியல் இல்லை, பெயரிட்டுச் சேமித்த ஒரு வினவல். தரவுத்தளத்தில் அதை 'வியூ' என்பார்கள். புதிய சரக்கு வந்து பதிவானதும் தகுதியிருந்தால் அது தானாகவே அந்தக் குழுவில் வந்து நிற்கும். யாரும் கையால் சேர்க்க வேண்டியதில்லை, விலக்க மறந்துவிடும் அச்சமும் இல்லை.

கையால் சேர்க்கும் குழுவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாலைக்கு முத்து கோப்பவர் ஒன்றுக்கொன்று இணையான முத்துகளைக் கண்ணால் தேர்வார். அந்த இணக்கத்தை நெடுவரிசைகளாக உடைத்துவிட முடியாது. விழாக்காலத்துக்கு ஒரு கடைக்காரர் தம் விருப்பப்படி பத்துச் சரக்கைப் பொறுக்கி முன்வைப்பதும் அப்படித்தான். அதற்கென்று சரக்கு எண்ணும் குழு எண்ணும் மட்டும் கொண்ட சிறிய இணைப்பு அட்டவணை போதும். ஒரு சரக்கு எத்தனை குழுவிலும் நிற்கலாம். விதியால் வந்த குழுவையும் கையால் வந்த குழுவையும் ஒரே இடத்தில் கலப்பதுதான் கேடு. இது ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஆண்டு திரும்புவதற்குள் விடை தெரியாமல் போய்விடும். ஆணி என்பதும் ஒருவருடைய கண் சொன்ன தீர்ப்பே. அந்தத் தீர்ப்பைப் பதியும்போது தீர்ப்புச் சொன்னவர் யார், எந்த நாள் என்பதையும் பதிய வேண்டும்.

தூத்துக்குடிக் கரையில் 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961இல் நின்றது. அதன் பிறகு குளிப்பு நடக்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. தொலாயிரம் பார் முதலான முத்துப் பார்களை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைச் சோதித்த விவரங்களும், சிப்பி எண்ணிக்கைகளும், ஏலத் தொகைகளும் டச்சு, ஆங்கிலேயர் கால ஆவணங்களிலும் பின்வந்த அரசு அறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இனி யாராவது கணினியில் ஏற்ற முன்வந்தால் அவர்களிடம் ஒரே வேண்டுகோள்: 'நல்ல பார்', 'வறண்ட பார்' என்று குழுப் பெயர் சூட்டித் தொடங்காதீர்கள். பாரின் பெயர், சோதித்த நாள், ஆழம், ஒரு முக்குளிப்புக்குக் கிடைத்த சிப்பி, சிப்பியின் வயது, யார் எழுதியது என்று ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி, தனித்தனி நெடுவரிசையில் ஏற்றுங்கள். குழுக்களைப் பின்னால் வருகிறவர்கள் அவரவர் கேள்விக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வார்கள்.